வன்னியில் நின்றுபோன கூத்துகளும் அவற்றின் மீதான ஏக்கமும்

சிறுவயதில் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் விடிய விடியப் பார்த்த காத்தவராயன் கூத்தையும் இசைநாடகங்களையும் இப்போது தேடியும் காண முடியவில்லை என்றும், விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பார்த்த இரண்டு மணிநேரக் கூத்தோ இணையத்தில் கிடைத்த ஒளிப்பதிவோ மனத்தை நிறைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஏக்கம் கழிந்துபோன இளமையின் மீதான ஏக்கந்தானா, உண்மையிலேயே ஏதோ ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறதா, போயிருந்தால் நாம் செய்யக்கூடியது என்ன என்பவை உங்கள் கேள்விகள். முல்லைத்தீவுப் பக்கத்தில் பிறந்து, கூத்துப் பார்த்தே வளர்ந்து, பின்னர் கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமார் பலரோடு அமர்ந்து அவர்களின் பாட்டுகளை எழுதியெடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இளமை நினைவுக்கு இதில் பங்கு உண்டு. ஆயினும் பெரும்பங்கு அதற்குரியதன்று. ஒரு கூத்தை ஆண்டுக்கு ஆண்டு மேடைக்குக் கொண்டுவந்த ஊர் ஏற்பாடு ஒன்று இருந்தது. அது கலைந்துபோனதைத்தான் உங்கள் மனம் சரியாகவே உணர்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

மேடைக்கலையை விரும்புவோர் உலகெங்கும் இத்தகைய ஏக்கத்தை அறிவார்கள். நியூயோர்க்கில் 1988 ஜனவரியில் தொடங்கிய ‘த பான்ரம் ஒவ் த ஒபேரா’ என்ற இசைநாடகம் 35 ஆண்டுகள் ஓடி, 13,981 காட்சிகளுக்குப் பின்னர் 2023 ஏப்ரல் 16 இல் நிறுத்தப்பட்டது. நிறுத்தப்போகும் செய்தியை மாதங்களுக்கு முன்னரே அறிவித்தார்கள். அதைக் கேட்டு மக்கள் திரண்டமையால் முதலில் குறித்த இறுதி நாளைச் சில வாரங்கள் தள்ளியும் வைத்தார்கள். விரும்பியவர்கள் போய்ப் பார்த்து, அழுது, கைதட்டி விடைகொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள். அதே நகரத்தின் பொது நூலகத்தில், மேடையேறும் நாடகங்களை ஆய்வுக்காக முழுமையாகப் படம்பிடித்து வைக்கும் காப்பகம் ஒன்று 1970 முதல் இயங்கிவருகிறது. அங்கே ஒரு நாடகம் முடிவதற்கு ஒரு நாள் இருக்கிறது. முடிந்ததற்கு ஒரு பதிவும் இருக்கிறது.

வன்னியில் எந்தக் கூத்துக்கும் அப்படி ஓர் இறுதி நாள் குறிக்கப்படவில்லை. இந்த வருடம் விளைச்சல் சரியில்லை, அடுத்த வருடம் ஆடுவோம் என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த வருடம் ஊரே இடம்பெயர்ந்திருந்தது. திரும்பிவந்தபோது கட்டியகாரனுக்கு ஆடியவர் இல்லை, இராசாவுக்கு ஆடியவர் கடல்கடந்து போயிருந்தார், அண்ணாவியாருக்குக் கண் தெரியவில்லை. நீங்கள் கடைசியாகப் பார்த்த அந்த இரவுதான் கடைசி என்பது உங்களுக்கும் தெரியாது, ஆடியவர்களுக்கும் தெரியாது. விடைகொடுக்கக் கிடைக்காத இழப்பு நெடுநாள் ஆறாமல் கிடக்கும். உங்கள் ஏக்கம் மற்ற நாட்டு நாடக விரும்பிகளின் ஏக்கத்தைவிடக் கனமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

காத்தவராயனை எடுத்துக்கொள்வோம், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டது அதுதான். கதை ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். முத்துமாரியின் மகன் காத்தவராயன், ஆரியமாலையை விரும்பித் தாயிடம் வரங்கேட்டு, தாய் வைத்த சோதனைகளையெல்லாம் கடந்து, ஆரியமாலையைச் சிறையெடுத்து, முடிவில் கழுமரம் ஏறுகிறான். வடபுலத்தில் இது சிந்துநடைக் கூத்து என்ற வகையைச் சேர்ந்தது. ஈழத்துக் கூத்தின் இரு பெரும் ஆட்டமுறைகளான தென்மோடி, வடமோடிக் கூத்துகளில் உள்ள கடுமையான ஆட்டக்கோலங்கள் இதில் இல்லை. சிந்து மெட்டுக்கு இசைந்து மெல்ல அடியெடுத்து வைத்துப் பாடிக்கொண்டே வரும் நடைதான் இதன் ஆட்டம். ஆர்மோனியமும் மிருதங்கமும் போதும். மெட்டுகள் சிலவே; அவையே இரவு முழுவதும் திரும்பத் திரும்ப வரும். வெளியிலிருந்து வந்து பார்ப்பவருக்கு இது சலிப்பூட்டலாம். ஊராருக்கோ அந்தத் திரும்பி வருதலே பலமாயிருந்தது, ஏனென்றால் மூன்றாம் முறை மெட்டு வரும்போது பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் வாயும் அதைப் பாடத் தொடங்கிவிடும். ஒரு கூத்தை ஊர் முழுவதும் மனனஞ் செய்து வைத்திருந்தது இப்படித்தான்.

ஒரே காத்தானை ஓர் இரவில் பலர் ஆடுவார்கள். பாலகனாக ஒருவர், பிறகு ஆதிக்காத்தான் என்று ஒருவர், கழுவேறும் கட்டத்துக்குப் பிற்காத்தான் என்று இன்னொருவர் வருவார். எந்த ஊரில் யார் பிற்காத்தானுக்கு ஆடுகிறார் என்பதை வைத்தே எந்தக் கூத்துக்கு மாட்டுவண்டி கட்டுவது என்று முடிவுசெய்த காலம் இருந்தது. நகைச்சுவைப் பாத்திரங்களான சின்னானும் டாப்பர் மாமாவும் சிரிக்க வைத்த நள்ளிரவுக்குப் பின், கூட்டம் சற்றுத் தளர்ந்து, பிள்ளைகள் படங்கின் மேல் சுருண்டு உறங்கியபின், கிழக்கு வெளுக்கும் வேளைக்குக் கழுமரக் கட்டம் வந்து சேரும். அது தற்செயலாக நேர்வதன்று. முன்னிரவில் எந்தப் பாத்திரத்தின் வரவுப் பாட்டை நீட்டுவது, எந்தத் தருக்கப் பாட்டைக் குறைப்பது என்று அண்ணாவியார் இரவு முழுவதும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார். விடியலும் கழுவேற்றமும் ஒன்றாக வரவேண்டும். கழுமரத்தை வெறும் மேடைப்பொருளாக யாரும் கருதுவதில்லை. அதற்குப் பூசை உண்டு. அதில் ஏறுபவர் விரதம் இருப்பார். அவர் படியேறிப் பாடும்போது உறங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்பிக் கைகூப்பச் செய்வார்கள். நேர்த்திக்காகக் கூத்தாடுவிக்கும் குடும்பங்களும் இருந்தன. கூத்தும் வழிபாடும் எங்கே பிரிகின்றன என்று அந்த வேளையில் யாராலும் சொல்ல முடியாது.

இப்போது நீங்கள் பார்த்த இரண்டு மணிநேரக் கூத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடியவர்கள் நன்றாகவே பாடியிருப்பார்கள். உடையும் ஒளியும் முன்னைவிடச் சிறப்பாயிருந்திருக்கும். ஆயினும் இரவு ஒன்பது மணிக்குக் கழுவேறினால், காத்தான் பட்ட பாட்டை நாமும் கூடவே பட்டு வந்தோம் என்ற உணர்வுக்கு இடமில்லை. உறக்கத்தை அடக்கி, பனியில் நனைந்து, இடையில் எழுந்து கச்சான்கடைக்குப் போய்வந்து, மீண்டும் அமர்ந்து, ஆறேழு மணிநேரம் அந்த மெட்டுக்குள்ளேயே கிடந்த உடம்புக்குத்தான் விடியற்காலைப் பாட்டு அப்படித் தைத்தது. சுருக்கிய கூத்தில் கதை குறையவில்லை, காத்திருப்புக் குறைந்துவிட்டது. மனம் நிறையாததற்கு உங்களிடமோ கலைஞர்களிடமோ குறை தேட வேண்டியதில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தின் கதி சற்று வேறு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலும், அதற்கு முன்னர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கமும் உயிரோடு இருக்கும் வரையில் கண்ணகி கதை இந்த மண்ணைவிட்டுப் போகாது. இங்கே ஆடப்படும் கதையில் பொற்கொல்லனுக்கு வஞ்சிப்பத்தன் என்று பெயர்; கண்ணகி மாங்கனியில் தோன்றியவள்; மதுரையை எரித்தபின் அவள் ஆறுவதற்காக வந்து சேர்ந்த இடங்களுள் வற்றாப்பளையும் ஒன்று. ஆகையால் கோவலன் கூத்தைப் பார்த்தவர்கள் எங்கோ நடந்த கதையாக அதைப் பார்க்கவில்லை. முடிவில் அந்தப் பெண் தங்கள் ஊருக்குத்தான் வரப்போகிறாள் என்பதை அறிந்தே பார்த்தார்கள். இந்தக் கூத்தின் ஆட்டமுறை தென்மோடியோ வடமோடியோ என்று வகைப்படுத்த முயன்று, இரண்டிலும் அடங்காமல், முல்லைமோடி என்று தனிப்பெயர் இட்டவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும், அந்தத் தாளக்கட்டுகள் இந்தச் சில ஊர்களில் மட்டுமே வழங்கியவை. இங்கே அறுந்தால் வேறெங்கும் தேடி எடுக்க முடியாது என்பதால், என் கவலை காத்தவராயனைவிட இதிலேதான் அதிகம்.

வன்னியின் மேற்குக் கரையில், மன்னார்ப் பக்கத்தில், கத்தோலிக்கக் கோயில்களின் திருநாள்களை ஒட்டி நாடகங்களும் வாசாப்பு என்ற கிறித்தவக் கூத்துகளும் ஆடப்பட்டன. ஓர் இரவில் முடியாமல் மறு இரவுக்கும் நீளும் பெரிய கூத்துகள் அவற்றுள் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடக’த்தை 1964 இல் பதிப்பித்து அச்சுக்குக் கொண்டுவந்தமையால் அது இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. அச்சேறாமல் ஏட்டிலும் கொப்பியிலும் மட்டும் இருந்தவற்றின் நிலையை நினைத்தால், அந்தப் பதிப்பின் அருமை விளங்கும்.

இசைநாடகங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இவை ஊருக்குள் முளைத்தவை என்பதைவிட ஊருக்கு அழைத்து வரப்பட்டவை என்பது பொருந்தும். அவற்றின் உச்சம் காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களே. அவருடைய அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்த்த தலைமுறையினர் அதைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் மாறிவிடும். சுடலை காக்கும் அரிச்சந்திரன் முன்னே, அரவந்தீண்டி இறந்த மகன் லோகிதாசனின் உடலைச் சுமந்து சந்திரமதி வருகிறாள். வந்தவள் தன் மனைவி என்று அறியாமலே வாய்க்கரிசியும் முழத்துண்டும் கேட்க வேண்டிய நிலையில் அவன் நிற்கிறான். அந்த நாடகத்தில் வேறு எதுவும் நடப்பதில்லை, பாட்டே எல்லாம். 1989 இல் அவர் மறைந்தபோது அந்த மயான காண்டம் ஒரு பொருளில் முடிந்துவிட்டது. இன்னொரு பொருளில், அவருடைய மெட்டுகளைப் பாடும் கலைஞர்கள் இருக்கும்வரை முடியவில்லை. தனி ஒருவரின் குரலை நம்பி நிற்கும் கலைக்கும் ஓர் ஊரின் கூட்டுழைப்பை நம்பி நிற்கும் கலைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். முன்னதில் அந்த மனிதரை இழக்கிறோம். பின்னதில் ஊரையே மறுபடி கூட்ட வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூட மேடைகளில் பார்த்த ‘பண்டாரவன்னியன்’ நினைவிருக்கும். முல்லைமணி வே. சுப்பிரமணியம் எழுதிய அந்த வரலாற்று நாடகம் வன்னியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடமாகவே விளங்கியது. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிரித்தானியரை விரட்டியவனும், அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டவனுமான வன்னியின் அந்தக் குறுநில மன்னனை, நடுகல்லில் படித்து அறிந்தவர்களைவிட மேடையில் பார்த்து அறிந்தவர்களே அதிகம். அவனைக் காட்டிக்கொடுப்பவனாக வரும் காக்கை வன்னியனுக்கு ஆடிய மாணவனை அடுத்த வாரமும் சந்தையில் ஏசியவர்களை நான் கண்டிருக்கிறேன். குமுளமுனைப் பக்கத்து அரியாத்தை மதயானையை அடக்கிய கதையும் இவ்வாறே ஒப்பாரியாகவும் கூத்தாகவும் வழங்கியது. இவை நின்றுபோனதில் கலை இழப்போடு இன்னோர் இழப்பும் சேர்ந்திருக்கிறது: தன் ஊரைப் பற்றித் தானே மேடையேறிச் சொல்லும் வழக்கம் குறைந்துவிட்டது.

ஏன் நின்றன என்பதற்குப் போர் என்ற ஒரு சொல்லைச் சொல்லி முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. 1990களில் மின்சாரமும் இல்லை, எரிபொருளும் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அந்த ஆண்டுகளில் கூத்துக்குக் கூட்டம் குறையவில்லை, கூடியது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தபின் அங்கிருந்த கலைஞர் பலரும் வன்னிக்கு வந்து சேர்ந்தனர்; மரத்தடிகளிலும் முகாம்களிலும் தெருவெளி நாடகங்கள் நடந்தன; காத்தவராயன் இடம்பெயர்ந்த ஊர்களின் கோயில் முற்றங்களில் ஆடப்பட்டான். 2008 இலும் 2009 இலும் நடந்தது வேறு. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையும் அங்கிருந்து செட்டிகுளத்து முகாம்கள் வரையும் மக்கள் போனபோது, உயிர்களோடு ஒப்பிட்டால் சொல்லவே கூசும் சிறிய பொருள்களும் வழியில் விழுந்தன: மத்தளங்கள், சரிகை உடுப்புகள், மரத்தில் செய்த முடிகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொப்பிகள்.

கொப்பி என்றால் என்னவென்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். அண்ணாவியாரிடம் இருந்த மூல ஏட்டிலிருந்து அவரவர் பாட்டை அவரவர் கையால் பெயர்த்தெழுதிய, சீ.ஆர். கொப்பி என்ற தடித்த குறிப்பேடு அது. என் கைக்கு வந்த ஒன்று பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, வீட்டு வளையில் செருகப்பட்டிருந்தமையால் தப்பியது. பாட்டு நீல மையில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் வேறொருவர் கையெழுத்தில் ‘இதில் திரும்பு’, ‘மூச்சு’, ‘பிற்பாட்டு வரும் வரை நில்’ என்று குறிப்புகள். ஓர் இடத்தில் ஒரு முழுப் பாட்டைக் குறுக்கே கோடிட்டு அடித்து, பக்கத்தில் ‘இந்த ஊரில் பாடக்கூடாது’ என்று எழுதியிருந்தது. அச்சிட்ட புத்தகத்தில் பாட்டு மட்டுமே வரும். அந்தப் பென்சில் குறிப்புகள்தான் கூத்து. அவை போனபின், பாட்டுத் தெரிந்தும் ஆடத் தெரியாத நிலை வந்தது.

போருக்கு வெளியே நடந்த மாற்றங்களும் உண்டு. காலபோக அறுவடை முடிந்து கையில் நெல்லும் ஓய்வும் இருந்த பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் கூத்து. அதற்கு முன்னரே அருவி வெட்டிலும் சூடு மிதிப்பிலும் ஒன்றாக நின்று பாடிப் பழகிய குரல்கள் அப்படியே மேடைக்கு வந்தன. இன்று அறுவடை இயந்திரம் ஒரு பகலில் வயலை முடித்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. முதுகு முறிய அரிவாள் பிடித்தவர்களிடம் போய் அந்தக் காலம் நல்லது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக வேலைசெய்து ஒன்றாகப் பாடிய இடம் இல்லாமற்போனபோது கூத்தின் பயிற்சிக்களமும் கூடவே போயிற்று. கூத்துப் பழகுவதற்கு மாதக்கணக்கில் இரவுகள் வேண்டும். மீள்குடியேறியபின் வீடு கட்டவும் கடன் அடைக்கவும் ஓடிய தலைமுறைக்கு அந்த இரவுகள் இல்லை.

ஏக்கத்தோடு சேர்த்து இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பழைய கூத்திரவுகளில் எல்லாமே நினைத்து ஏங்கத்தக்கவை அல்ல. யார் எந்தப் பக்கத்தில் இருப்பது, யார் எந்த வேடம் கட்டலாம் என்பவற்றில் பல ஊர்களில் சாதி குறுக்கே நின்றது. பெண்கள் மேடையேறுவதற்கு நெடுங்காலம் இடமில்லை. ஆரியமாலையையும் சந்திரமதியையும் ஆண்களே ஆடினார்கள். அவர்களில் சிலர் மிக நன்றாக ஆடினார்கள் என்பது உண்மையே. ஆயினும் இப்போது பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் முத்துமாரிக்கும் கண்ணகிக்கும் ஆடுவதைப் பார்க்கும்போது, இது முன்னரே நடந்திருக்க வேண்டியது என்றே தோன்றுகிறது. கண்ணகியின் வழக்குரையை ஒரு பெண்குரல் பாடக் கேட்டபின், பழையபடி வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

நின்றுபோன ஒன்றை மீட்க முடியுமா என்பதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. எதிரிவீர சரச்சந்திர 1956 இல் மேடையேற்றிய ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாக நடிகர்களை மாற்றி இன்றும் ஆடுகிறார்கள். நம் பக்கத்தில், வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். கிராமத்து அண்ணாவியாரை அழைத்துவந்து பழக்கி, விடிய விடிய ஆடும் கூத்தை நகரத்து மேடைக்குரிய அளவுக்குச் செறிவாக்கிய முயற்சி அது. அதில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பல்லாண்டுகள் கழித்துப் புதிய மாணவரைக் கொண்டு ‘இராவணேச’னை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார். எனவே சுருக்குவது தன்னளவில் பிழையாகாது. எதைச் சுருக்குகிறோம் என்று அறிந்து சுருக்குபவர் வேண்டும். முழுவதையும் ஆடியவர் அருகில் இருக்கவேண்டும். வன்னியில் இன்று நடக்கும் பல சுருக்கங்களில், போட்டிக்குரிய நேரம் முதலில் வருகிறது. எந்தப் பாட்டு விழுகிறது என்பதைக் கடிகாரம் முடிவுசெய்கிறது. இதுதான் எனக்கு வருத்தம்.

சரி, உங்களால் செய்யக்கூடியது என்ன? ஏக்கத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டிருந்தால் அது பெருமூச்சாகவே போய்விடும். அதை உடைத்து உடைத்துக் கேளுங்கள். காத்தவராயனில் எந்தப் பாட்டு? தாயோடு காத்தான் வாதாடும் பாட்டா, ஆரியமாலையின் வரவா? எந்த ஊர், எந்தக் கோயில், யார் ஆடினார், மிருதங்கம் யார்? தெரிந்ததை எழுதிவையுங்கள். ஓரடி மட்டும் நினைவிருந்தால் அந்த ஓரடியையே பாடிக் கைபேசியில் பதிந்துவையுங்கள். மெட்டு எழுத்தில் நிற்காது.

ஊருக்கு வரும்போது உயிரோடு இருக்கும் அண்ணாவிமாரையும் ஆடியவர்களையும் தேடிப் போங்கள். போய், ‘பாட்டைச் சொல்லுங்கோ ஐயா’ என்று கேட்டால் பெரும்பாலும் வராது. கொப்பியை இழந்த முதியவர் ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டபோது, எல்லாம் மறந்துபோச்சுது தம்பி என்று கையை விரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய பழைய பிற்பாட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். சிறிது நேரத்தில் முதியவரின் கால் அசைந்தது, பிறகு கை, பிறகு விருத்தம், அதைத் தொடர்ந்து வரவுப் பாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக. இடையில் நான் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டதும் ஓட்டம் அறுந்தது. மறுபடி முதலடியிலிருந்துதான் தொடங்க முடிந்தது. அந்தப் பாட்டுகள் அவருக்குத் தாளத்தோடும் எதிர்க்குரலோடும் சேர்ந்தே மனத்தில் இருந்தன. ஆகவே இருவராவது சேர்ந்திருக்கும்போது பதிவுசெய்யுங்கள், இடைமறிக்காதீர்கள், ஒலியோடு காலடியும் தெரியும்படி படமும் எடுங்கள், கேள்விகளை முடிவில் கேளுங்கள். ஒரே பாட்டை இன்னோர் ஊரில் வேறுவிதமாகப் பாடினால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முனையாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களிடமும் கேளுங்கள். மேடையேறாதவர்கள் என்பதால் அவர்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் கூத்தின் பாட்டுகளை வயலிலும் தொட்டிலடியிலும் பாடி வைத்திருந்தவர்கள் அவர்களே. ஆடியவருக்குத் தன் பாட்டு மட்டும் தெரியும், முன்வரிசையில் பாய்விரித்து இருந்த அம்மாவுக்கு எல்லாருடைய பாட்டும் தெரியும். கிழிந்த ஒரு கோவலன் கொப்பியில் விடுபட்டிருந்த அடிகளை நிரப்பித் தந்தவர், ஒரு நாளும் மேடையேறாத ஒரு பாட்டிதான்.

கையில் பழைய கொப்பியோ, கோயில் வெளியீடோ, பிரதேச மலரோ, ஒலிநாடாவோ இருந்தால் அதைப் பெட்டிக்குள் வைத்திருப்பதில் பயனில்லை. ஒவ்வொரு பக்கத்தையும், ஓரக் குறிப்புகள் தெரியும்படி, படமெடுத்துக் குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு படி கொடுக்கலாம். கூத்து நூல்கள் பலவும் பிரதேச மலர்களும் ஏற்கெனவே அங்கே படிக்கக் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். மூலத்தை அதை வைத்திருந்த குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அவர்களின் வீட்டுச் சொத்து. நாங்கள் படி எடுத்தால் போதும்.

வெளிநாட்டில் உள்ள ஊர்ச்சங்கங்கள் கூத்துக்குப் பணம் அனுப்புகின்றன, நல்லதே. ஒலிபெருக்கிக்கும் விருதுக்கும் போவதில் ஒரு பகுதியைப் பழகும் மாதங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: பழக வரும் பிள்ளைகளின் இரவுத் தேநீருக்கும், அண்ணாவியாரின் கூலிக்கும், ஒரு மத்தளத்துக்கும். அரங்கேற்றத்துக்குப் பணம் கொடுப்பவர் பலர் இருக்கிறார்கள். பழகுவதற்குக் கொடுப்பவரைத்தான் காணவில்லை.

இறுதியாக, அந்த இரண்டு மணிநேரக் கூத்தை இனிப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பாருங்கள். வைகாசியில் வந்தால் வற்றாப்பளைப் பொங்கலோடு சேர்த்து வாருங்கள், முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் எங்கே பழகுகிறார்கள் என்று விசாரித்து, அரங்கேற்றத்துக்கு முன்னரே ஓர் இரவு பழகும் இடத்துக்குப் போய் இருங்கள். முடிந்ததும் பிள்ளைகளைப் பாராட்டுங்கள். பிறகு, எந்தப் பாட்டு விட்டுப்போயிற்று என்பதை அண்ணாவியாரிடம் சொல்லுங்கள். முதலடி நினைவிருந்தால் பாடியே காட்டுங்கள். மிகுதி அவரிடம் இருக்கக்கூடும், கேட்பதற்கு ஆள் இல்லாமையால் விட்டிருப்பார்.